வெண்ணெயில் மணல்

நாயிலி
டிசம்பர் 2, 1992

சனாத்து,

லாரி ஓட்டும் பாவா நேற்று வாசலில் வந்து நின்றான். "பெரியம்மா, குமாசியிலேருந்து சின்னம்மா சொல்லி அனுப்பினாங்க. சந்தையில இடம் கிடைச்சிருச்சாம். விக்கிறதுக்கு ஒங்க கையால செஞ்ச ஷியா வெண்ணெய் வேணுமாம்" என்றான். அவ்வளவுதான் செய்தி. நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்று ஒரு கேள்வி இல்லை. "வேற என்ன சொன்னா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, "ரொம்ப விசாரிச்சாங்க" என்றான். பொய் சொல்ல அவனுக்கு வராது.

அதனால்தான் எழுதுகிறேன். பாவாவின் வாயில் எதைக் கொடுத்தாலும் சர்க்கரை தடவித்தான் கொண்டு சேர்ப்பான். என் கோபம் உன்னிடம் கோபமாகவே வந்து சேர வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும். உன்னைப் போல என்னை யாரும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பிள்ளைகள் தூக்கிப் போட்ட புத்தகத்தைப் பார்த்து நானாகக் கற்றது இது.

நம் வீட்டுக்காரர் இறந்த வருஷம், பழம் விழத் தொடங்கிய மாதத்தில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு லாரி ஏறினாய். வேறு எந்த மாதத்தில் போயிருந்தாலும் மன்னித்திருப்பேனோ என்னவோ. நிலம் ஆண்களுடையது, அதில் நிற்கும் ஷியா மரத்தடியில் விழுகிற பழம் அந்த வீட்டுப் பெண்களுடையது. இந்த வீட்டுக்கு இருந்தது மூத்தாள் நான், இளையாள் நீ. இளையாள் போனாள். அந்த வருஷம் பாதிப் பழத்தை ஆடு தின்றது.

அந்த மரங்களை யாராவது நட்டார்களா? என் மாமியாருக்கு மாமியார் வந்தபோதும் நின்றனவாம். வௌவால் சப்பித் துப்பிய கொட்டையில் தானாக முளைப்பது, காய்க்கத் தொடங்குவதற்குள் ஒரு பிள்ளை வளர்ந்து தாடி வைத்துவிடுகிறான். அப்பேர்ப்பட்ட மரம் கொடுப்பதை ஆட்டுக்கு விட்டுவிட்டுப் போனாய். பாம்பு கிடக்கிற புல்லில் விடியுமுன் போய்ப் பொறுக்கினேன். சதையை நீக்கி, கொட்டையை அவித்து, வெயிலில் உலர்த்தி, ஓடு தட்டி, பருப்பை வறுத்து, அரைத்து, அந்தக் கறுத்த கூழைத் தோள் கழன்று விழும் வரை கையால் அடித்தேன். முன்பு ஒரே பேசினில் நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் உட்கார்ந்து அடிப்போம். இப்போது எதிர்ப் பக்கத்தில் யாரும் இல்லாமல் பேசின் வழுக்கிக்கொண்டு போகிறது. காலால் பிடித்துக்கொண்டு அடிக்கிறேன்.

இரண்டு பேசின் அனுப்புகிறேன். இதில் மஞ்சள் வேர் போட்டு நிறம் ஏற்றாதே. வாசனைத் தண்ணீர் ஊற்றாதே. என் பெயரைச் சொல்லி விற்பதானால் நான் கொடுத்தபடியே விற்க வேண்டும். முடியாது என்றால் பாவாவிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

பாரிகிசு
இந்த வீட்டு மூத்தாள்


குமாசி
டிசம்பர் 19, 1992

அக்காவுக்கு ஸலாம்.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டுவிடுகிறேன். போன முறை கேட்காதது என் தப்புதான். கேட்டால் பதில் வராதோ என்று பயந்துதான் கேட்கவில்லை.

வெண்ணெய் வந்த மறுநாளே காற்று மாறிவிட்டது. பாலைவனத்துப் புழுதிக் காற்று இங்கேயும் வந்து, சந்தை முழுக்க உதடு வெடித்த மனிதர்கள். தெற்கத்தி ஆட்களுக்கு இது புதுசு. நமக்கு அந்தக் காற்றோடேயே பிறந்த தோல். அவர்கள் பாவம், முகம் பரபரவென்று இழுத்துக்கொண்டு, சிரிக்கக்கூட முடியாமல் வந்து நிற்கிறார்கள். நான் விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து அவர்கள் புறங்கையில் தேய்க்கிறேன். முதலில் கட்டியாக இருக்கும், பிறகு உடம்புச் சூட்டில் உருகித் தோலுக்குள் போய்விடும். "எங்க போச்சு?" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

ஒரு கொத்தனார், சிமெண்ட் பிசைந்து பிசைந்து கை முதலைத் தோலாகிவிட்டது. "என் பொண்டாட்டி நான் தொட்டாலே கத்துறா, அம்மா" என்றார். ஒரு டப்பா வாங்கிப் போனார். அடுத்த வாரம் பெரிய டப்பா எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளை பெற்றவர்கள் குழந்தைக்குத் தேய்க்கவும், விரிந்த வயிற்றில் தடவவும் வாங்குகிறார்கள். ஒரு பெண் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். வெள்ளையாக்கும் க்ரீம் பூசிப் பூசிக் கன்னம் வெந்து கிடந்தது. அந்த நிறம் திரும்ப வருமா என்று எனக்குத் தெரியாது, அதைச் சொல்லிவிட்டேன். க்ரீமை நிறுத்து, இதைத் தடவு, எரிச்சலாவது அடங்கும் என்றேன். அடங்கிற்று. இப்போது முக்காடு இல்லாமல் வருகிறாள்.

எல்லோரிடமும் உங்கள் பெயரைத்தான் சொல்கிறேன். "பாரிகிசு வெண்ணெய் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள். எதிர்க்கடை அதிசாவுக்கு இது பிடிக்கவில்லை. அவளும் நம் பக்கத்துக்காரிதான், பத்துப் பேரிடம் வாங்கி ஒன்றாகக் கலந்து விற்கிறவள். வருகிறவர்களைப் பார்த்து, "சக்களத்தி செஞ்ச வெண்ணெய நம்பி வாங்குறீங்களே, ஒங்களுக்கெல்லாம் புத்தி இருக்கா?" என்று கத்துகிறாள். "சக்களத்தி இருக்கறவளுக்குத்தான் அவ கை சுத்தம் தெரியும். ஒனக்குப் புருஷனே நிக்கல" என்றேன். சந்தையே சிரித்தது.

காலைக் குளிரில் வெண்ணெய் கல்லாகிவிடுகிறது, கரண்டி இறங்குவதில்லை. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன்.

இன்னும் இரண்டு பேசின் அனுப்புங்கள். வாசனை கொஞ்சம் குறைவாக இருந்தால் தெற்கத்தியார் இன்னும் வாங்குவார்கள்.

ஒன்று சொல்லட்டுமா, வேண்டாமா என்று தெரியவில்லை. சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக்காரர் இறந்த பிறகு பெரியவர்கள் கூடி, என்னை அவருடைய தம்பிக்குக் கட்டிவைக்கப் பேசினார்கள். நீங்கள் கதவுக்குப் பின்னால்தான் இருந்தீர்கள். உங்கள் வளையல் சத்தம் எனக்குக் கேட்டது. வாய் திறப்பீர்கள் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. நான் லாரி ஏறியது பழம் விழுந்த மாதத்தைப் பார்த்து அல்ல, அக்கா.

சனாத்து


நாயிலி
ஜனவரி 4, 1993

சனாத்து,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது.

இரண்டு பேசின் அனுப்பியிருக்கிறேன். வாசனையைக் குறைக்கச் சொல்கிறாய். புகையும் வறுத்த பருப்பும் சேர்ந்த வாசனை அது. அதை எடுத்துவிட்டால் வெண்ணெய் என்று எதை வைத்துச் சொல்வது? தெற்கத்தியார் அவர்களுடைய கருவாட்டு வாசனையைக் குறைத்துவிட்டு வரட்டும், பிறகு பேசலாம்.

அந்தக் கொத்தனாருக்கு ஒன்று சொல். தூங்கப் போகுமுன் தடவி, பழைய துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். கை ஈரமாக இருக்கும்போதே தடவ வேண்டும்; காய்ந்த கையில் தடவினால் பாதிதான் பலன். இதைக்கூடவா சொல்லாமல் விற்றாய்?

கதவுக்குப் பின்னால் நான் நின்றதைப் பற்றி எழுதியிருக்கிறாய். மூத்தாளை யாரும் கேட்காதபோது மூத்தாள் பேசுவதில்லை. அன்று கூட்டம் முடிந்து அந்தப் பெரியவர்களுக்குச் சாப்பாடு வைத்தது நான்தான். களி மட்டும் வைத்தேன், குழம்பு வைக்கவில்லை. வெறும் களியை விழுங்க முடியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உன் மைத்துனன் "குழம்பு?" என்று கேட்டான். "கேக்காம முடிவு பண்றவங்களுக்குக் கேக்காம குழம்பு வராது" என்றேன். ஊர் முழுக்க அந்தக் கதை தெரியும். அதைக் கேட்க நீ இங்கே இருக்கவில்லை. அப்போது நீ லாரியில் இருந்தாய்.

பாரிகிசு


குமாசி
ஜனவரி 17, 1993

அக்கா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை ஒரு பெண் டப்பாவோடு திரும்பி வந்தாள். கல்யாணப் பெண்ணுக்குத் தேய்க்க வாங்கிப்போனவள். "என்னம்மா இது, மணலைக் கலந்து கொடுத்திருக்கே?" என்றாள். விரலால் எடுத்துப் பார்த்தேன். நிஜமாகவே மணல் போல நறநறவென்று இருந்தது. பேசினைத் திறந்தேன். அதிலும் பாதிக்கு அப்படித்தான். அதற்குள் அதிசா கடையை விட்டு எழுந்து வந்துவிட்டாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன், யாரு கேட்டீங்க? சோளமாவக் கலந்து எடை ஏத்தியிருக்கா மூத்தாள். இவளுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று சந்தை அதிரக் கத்தினாள். அவளே என் டப்பாவை எடுத்துக் கடை கடையாகக் காட்டினாள். வரிசையில் நின்றவர்கள் போய்விட்டார்கள். ஒருத்தி வாங்கியதைத் தரையில் கொட்டிவிட்டுப் போனாள்.

இந்தச் சந்தையில் வடக்கத்திப் பெண்களுக்கெல்லாம் தலைவி ஜுவேரா. மகாஜியா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொன்னால் கடை இருக்கும், சொன்னால் போகும். நேற்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து மெதுவாகத்தான் பேசினார். "பாரு சனாத்து, கலப்படம்னு பேரு வந்தா அது ஒனக்கு மட்டும் இல்ல, நம்ம எல்லாருக்கும்தான். 'என் மூத்தாள் செஞ்சது, எனக்குத் தெரியாது'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடு. ஒரு ஆடு, ஒரு தட்டு கோலாக் கொட்டை வெச்சு மன்னிப்புக் கேளு. இடம் ஒனக்கே இருக்கும். இல்லேன்னா இருபத்தொன்பதாம் தேதி வெள்ளி தொழுகைக்கு அப்புறம் கடையக் காலி பண்ணிடணும்" என்றார்.

அக்கா, மகள் வும்பினியைத் தையல் படிக்க அனுப்பியிருக்கிறேன். இந்த இடம் போனால் நாங்கள் இரண்டு பேரும் எங்கே போவது? உங்கள் பெயரை இந்த ஊரில் யாருக்கும் தெரியாது, முகமும் தெரியாது. கோலாக் கொட்டையோடு போய்விடும் விஷயம்.

கேட்கக் கூடாது, ஆனாலும் கேட்கிறேன். இந்த முறை பருப்பு குறைவாக இருந்து, கொஞ்சமாக ஏதாவது சேர்த்தீர்களா? சொன்னால் நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

சனாத்து


நாயிலி
ஜனவரி 22, 1993

சனாத்து,

உன் கடிதத்தை இரண்டு தரம் படிக்கவில்லை. ஒரு தரமே போதும்.

என் வெண்ணெயில் சோளமாவு என்று உன் கையால் எழுதினாய். அதிசா சொன்னதற்கு எனக்குக் கோபமில்லை, அவள் என்னோடு ஒரே பேசினில் கையை விட்டதில்லை. நீ விட்டாய். அடிக்க அடிக்கக் கறுத்த கூழ் வெளுத்து மேலே எழும்புவதைப் பார்த்து, "அக்கா, வந்திருச்சு" என்று முதலில் கத்துகிறவள் நீதான். அந்த வெண்ணெயை அள்ளி, கழுவி, காய்ச்சி, கசடு அடியில் நிற்க மேலே தெளிவதை மொண்டு ஊற்றியவள் நீ. அதற்குள் சோளமாவைப் போட்டால் காய்ச்சும்போதே கருகி அடியில் பிடிக்கும் என்று உனக்குத் தெரியாதா? தெரியும். பயத்தில் மறந்துவிட்டாய். பயந்தவளிடம் கேள்வி கேட்டுப் பயனில்லை, அதனால் கேட்கவில்லை, சொல்கிறேன்.

நீ அதைச் சூடுபடுத்தினாய்.

எங்கே, எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் சூடுபடுத்தி, அதைத் தானாக ஆறவிட்டாய். தெளிவை மொண்டு ஊற்றிய பிறகு நாம் ஏன் விடாமல் கிண்டிக்கொண்டே இருக்கிறோம்? கிண்டக் கிண்டத்தானே பால் மாதிரி வெளுத்து வழுவழுவென்று உறைகிறது. கிண்டாமல் மெதுவாக ஆறவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தனித்தனியாக உருண்டுவிடும், நம் வீட்டு ஆட்கள் மாதிரி. அது மணல் இல்லை, மாவு இல்லை. அதுவும் வெண்ணெய்தான். உள்ளங்கையில் வைத்துத் தேய், காணாமல் போகும். மணலைத் தேய்த்தால் போகுமா?

இனி கோலாக் கொட்டை விஷயம். என் பெயர் அந்த ஊரில் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் உன் கடை முன்னால் வரிசையில் நின்றவர்கள் யாருடைய பெயரைச் சொல்லிக் கேட்டார்கள்? இந்த நிலத்தில் என் பெயரில் ஒரு மரம் கிடையாது, ஒரு சுவர் கிடையாது. எல்லாம் அவர் பெயர், அவருக்குப் பிறகு அவர் தம்பி பெயர். என் பெயரில் இருப்பது இந்த வெண்ணெய் ஒன்றுதான். அதை ஒரு தட்டு கோலாவுக்கு விற்க உன்னை யார் சொன்னது?

நீ மன்னிப்புக் கேட்டால் இடம் உனக்கு இருக்கும். வெண்ணெய் இருக்காது. இந்த வீட்டிலிருந்து ஒரு உருண்டை வராது, கடிதமும் வராது. எல்லார் முன்னாலும் உருக்கிக் காட்டு.

பாரிகிசு


குமாசி
பிப்ரவரி 1, 1993

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பாவா வாயைத் திறக்குமுன் இதைப் படித்துவிட வேண்டும், அவன் எல்லாவற்றையும் உளறிவிடுவான்.

நீங்கள் சொன்னது சரி. எங்கே என்று உங்களுக்குத் தெரியாது, இப்போது சொல்கிறேன். என் கடைக்குப் பக்கத்தில் புளித்த மாவு உருண்டை அவித்து விற்கிற எஃபுவா இருக்கிறாள். பெரிய அடுப்பு. சாயங்காலம் நெருப்பை அணைத்தாலும் கல் விடியும் வரை சூடாக இருக்கும். காலையில் வெண்ணெய் கல்லாக இருக்கிறதே என்று, போகும்போது பேசினை அந்த அடுப்போரம் ஒட்டி வைத்துவிட்டுப் போவேன். ஊரில் உருண்டையாக விற்கிறோம், கல்லாக இருந்தால் நல்லது. இங்கே கரண்டியால் எடுத்துக் கேட்கிறார்கள். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து, என்ன வழி என்று உங்களுக்கு எழுதாமல் விட்டேன். உருகி, மெதுவாக ஆறி, மறுபடி உருகி, ஆறி. கிண்ட யாரும் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

வெள்ளி தொழுகை முடிந்து மகாஜியா வந்து உட்கார்ந்தார். சுற்றிலும் சந்தைப் பெண்கள். அதிசா முன்னால் நின்றாள், நல்ல துணி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "ஆடு எங்க, கோலா எங்க?" என்று மகாஜியா கேட்டார்.

"கொண்டு வரல" என்றேன். "கலக்காததுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

மணல் பிடித்த வெண்ணெயைச் சட்டியில் போட்டு எஃபுவாவின் அடுப்பில் வைத்தேன். உருகித் தேன் மாதிரி ஆயிற்று. சட்டியைச் சாய்த்து அடியைக் காட்டினேன். மகாஜியா விரலை விட்டு வழித்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். "நெய்தான் இருக்கு. மாவு இல்ல" என்றார். நான் சட்டியைத் தண்ணீரில் வைத்து, கை ஓயாமல் கிண்டினேன். வெளுத்து வழுவழுப்பாக வந்தது, பழையபடி.

அதிசா விடவில்லை. "காய்ச்சினா மாவு கரைஞ்சு போயிடும். இது கண்கட்டு. அவ வெண்ணெய்ல ஏதோ இருக்கு, அதான் மணலாச்சு. என் வெண்ணெய் ஒரு நாளாவது மணலாச்சா?" என்றாள். சில பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். மகாஜியா யோசித்தார்.

அந்த வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை, அக்கா. வாயிலிருந்து தானாக வந்தது. "அப்ப ஒன் வெண்ணெயக் கொடு" என்றேன்.

"என்னது?"

"ஒன் பேசின்லேருந்து மகாஜியா கையாலயே எடுக்கட்டும். நான் தொட மாட்டேன். எங்க அக்கா இங்க இல்ல, எங்க ஊரு மாவும் இங்க இல்ல. அடுப்போரம் வெச்சுப் பாப்போம்."

எஃபுவா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏன் அதிசா, வேர்க்குது? இப்பத்தான் குளிருதுன்னு சொன்னே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இனி அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. மகாஜியா எழுந்துபோய் அதிசாவின் பேசினில் அடி ஆழத்திலிருந்து இரண்டு கிண்ணம் எடுத்தார். இரண்டையும் உருக்கினார். ஒன்றைத் தண்ணீரில் வைத்து அவரே கிண்டினார். மற்றதை அடுப்புக் கல்லோரம் வைத்து, தன் முக்காட்டைக் கழற்றி மூடிக் கட்டி, "ஞாயித்துக்கெழம காலையில நான்தான் அவுப்பேன். யாராவது தொட்டா அவ கடை போயிடும்" என்றார்.

ஞாயிறு காலை அந்தக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மீன் விற்கிறவர்கள், துணி விற்கிறவர்கள், பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வாங்க வந்தவர்கள், அந்தக் கொத்தனார்கூட வேலைக்குப் போகாமல் நின்றார். மகாஜியா முடிச்சை அவிழ்த்தார். கிண்டின கிண்ணத்தில் விரலை விட்டார், வழுவழு. அடுப்போரக் கிண்ணத்தில் விரலை விட்டார். விரலை அதிசாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

மணல், அக்கா. நறநற மணல். என்னுடையதைவிடப் பெரிய மணல்.

"சோளமாவு நீ எங்க வாங்குறே, அதிசா? நல்லா இருக்கே" என்றாள் எஃபுவா. அவ்வளவுதான், சந்தை வெடித்தது. மகாஜியா கையை உயர்த்தி, "சனாத்து கடை சனாத்துக்கே. பாரிகிசு வெண்ணெயப் பத்தி இனிமே யாராவது வாயத் தெறந்தா, மொதல்ல இந்தக் கிண்ணத்தக் கையில குடுத்து நிக்க வைப்பேன்" என்றார். பிறகு அதிசாவிடம், எந்தப் பெயரைக் கெடுத்தாளோ அந்தப் பெயருக்குரியவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அவள் உங்களுக்கு ஒரு தட்டு கோலா அனுப்பியிருக்கிறாள். அதுவும், நீங்களே பார்த்துக்கொள்ள என் பேசினில் மணல் பிடித்ததில் ஒரு டப்பாவும் பாவாவிடம் இருக்கின்றன.

கொத்தனார் என்ன செய்தார் தெரியுமா? கூட்டத்துக்கு நடுவில் வந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "எதுக்கு அடுப்பு, கிண்ணம்? இதப் பாருங்க" என்றார். பெண்கள் அவர் உள்ளங்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அவர் மனைவி வந்து இழுத்துக்கொண்டு போகும்படி ஆயிற்று.

மத்தியானத்துக்குள் பேசின் காலி. இனிமேல் காலையில் கரண்டி இறங்காவிட்டால் வெயில் வரும் வரை காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

குழம்பில்லாத களியை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரிக்கிறேன். வும்பினி என்னைப் பைத்தியம் என்கிறாள். நீங்கள் அதை அன்றைக்கே எனக்குச் சொல்லியிருந்தால் நான் லாரி ஏறியிருக்கமாட்டேனோ என்னவோ. தெரியவில்லை. ஏறியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சொல்லிக்கொண்டு ஏறியிருப்பேன்.

சனாத்து


நாயிலி
பிப்ரவரி 20, 1993

சனாத்து,

பாவா கோலாத் தட்டோடு வந்தான். திருப்பி அனுப்பிவிட்டேன். "சந்தையில கத்துன வாய் இங்க வரட்டும். தட்டு வர வேண்டாம்" என்று சொன்னேன். பாவா, "பெரியம்மா, அவங்க வர மாட்டாங்க, ரொம்ப தூரம்" என்றான். வெண்ணெய் அவ்வளவு தூரம் போகவில்லையா?

அதிசாவின் வெண்ணெயையே அடுப்போரம் வைக்கும் யோசனை எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். இரண்டு நாள் அதை நினைத்து எரிச்சலாக இருந்தது. யோசனை நல்ல யோசனை. இதை ஒரு முறைதான் எழுதுவேன்.

அடுப்பைப் பற்றிச் சொல்லாமல் இருந்ததை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

இனி நடந்ததைக் கேள். செவ்வாய்க்கிழமை நான் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு நான்கைந்து பெண்கள் கூட இருந்தார்கள். பாவாவின் லாரி வந்து நின்றது. நல்ல துணி கட்டிக்கொண்டு, தலை முதல் கால் வரை செம்புழுதியோடு ஒருத்தி இறங்கினாள். யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாவா லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். உன் மகாஜியா என்ன சொல்லி அனுப்பினாரோ, வந்துவிட்டாள்.

வந்தவளுக்குத் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். கொடுத்தேன். அவள் குடித்து முடித்தாள். பிறகு, "சொல்லு" என்றேன்.

"பாரிகிசு அக்கா," என்றாள். சந்தையில் கத்தினவள் குரலே வரவில்லை. "தெரியாம பேசிட்டேன்."

"தெரியாமத்தான் பேசினே. என்ன தெரியாம?"

"நீங்க மாவு கலந்தீங்கன்னு சொன்னேன். நீங்க கலக்கல."

"இவங்களுக்குக் காது மந்தம். சத்தமாச் சொல்லு. சந்தையில எவ்வளவு சத்தம் போட்டியோ அவ்வளவு."

சொன்னாள். நம் வேப்பமரத்துக் கோழிகள் எழுந்து ஓடின. பெண்கள் கொட்டை உடைப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சத்தம் உன் மைத்துனன் வீடு வரை கேட்டிருக்கும், கேட்கட்டும். இந்த வீட்டில் என் பெயரை ஒருத்தி இவ்வளவு உரக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

பிறகு உட்காரச் சொன்னேன். செருப்பைக் கழற்றினாள். இவ்வளவு வெண்ணெய் விற்கிறவள் குதிகாலைப் பார்க்க வேண்டுமே. காய்ந்த குளத்து மண் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. விற்கிறதை எல்லாம் விற்றுவிடுவாள் போல, தனக்கென்று எடுத்து வைக்கிற பழக்கம் இல்லை. வெந்நீர் கொண்டுவரச் சொல்லி அவள் காலை ஊறவைத்தேன். ஈரம் போகுமுன், நீ பாவாவிடம் கொடுத்தனுப்பியிருந்தாயே, அந்த மணல் பிடித்த டப்பா, அதை அவள் கையில் கொடுத்தேன்.

"தேய்" என்றேன்.

டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். எடுத்துத் தேய்த்தாள். நறநறவென்று கேட்டது. கொஞ்ச நேரம்தான். சத்தம் நின்றது, வெண்ணெய் வெடிப்புக்குள் இறங்கியது. மறு காலிலும் தேய்த்தாள். டப்பாவில் பாதி காலியாகும் வரை நிறுத்தவே இல்லை. நான் காட்டச் சொல்லவில்லை, அவளே காலைத் தூக்கிப் பெண்களுக்குக் காட்டினாள்.

சாப்பிட்டுத்தான் போனாள். களியோடு குழம்பும் வைத்தேன்.

லாரி கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒங்க வெண்ணெய எனக்கும் அனுப்புங்க. சனாத்து என்ன வெலைக்கு வாங்குறாளோ அதுக்கு மேல தர்றேன். ஒங்க பேரச் சொல்லித்தான் விப்பேன்" என்றாள். மாவு கலக்கிறவளுடைய வெண்ணெய்தான் வேண்டுமாம்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். அவளுக்குப் புரியவில்லை, இன்னும் கொஞ்சம் விலை ஏற்றினாள். விலை இல்லை விஷயம் என்றேன். "என் வெண்ணெய்ல ரெண்டு பேரு கை இருக்கு. ஒரு கை இங்க இருக்கு, இன்னொரு கை குமாசியில இருக்கு. வேணும்னா அங்க போயி வரிசையில நில்லு" என்றேன்.

நிற்பாள். நின்றால் மற்றவர்களுக்குக் கொடுப்பது போலவே கொடு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

பாரிகிசு